வேலிக்கு இரண்டு பக்கம்

2022 பெப்ரவரி 18, வெள்ளிக்கிழமை. யூனிஸ் புயல் அடித்த நாள். வைட் தீவின் நீடில்ஸ் முனையில் மணிக்கு 122 மைல் வேகத்தில் காற்று வீசியது. இங்கிலாந்தில் அதுவரை பதிவான வேகங்களில் அதுதான் கூட. வடமேற்கு லண்டனில் எங்கள் வீட்டுப் பக்கம் காற்று அந்தளவுக்கு வரவில்லை. ஆனாலும் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் நின்ற பழைய மரவேலியைச் சாய்க்க வந்த காற்றே போதுமாக இருந்தது.

அடுத்த நாள் காலை அம்மா சமையலறைக் கதவைத் திறந்தார். அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஆங்கிலேய மூதாட்டி தேநீர்க் கோப்பையோடு நின்றார். நடுவில் ஒன்றுமே இல்லை. இருபது வருடமாக வேலிக்கு மேலால் தலையை மட்டும் பார்த்துப் பேசியவர்கள், முதல் தடவையாக ஒருவரை ஒருவர் முழுசாகப் பார்த்தார்கள். "அவவும் வீட்டில பாட்டா தான் போட்டிருக்கிறா" என்று அம்மா சொல்லிச் சிரித்தார்.

சிரித்தாலும் அம்மாவுக்கு மறைப்பு தேவைப்பட்டது. கீமோ சிகிச்சை முடிந்து அப்போது இரண்டு மாதம். தலைமுடி முளைக்கத் தொடங்கியிருந்தது. வெயில் வந்தால் பின்பக்கக் கல்தளத்தில் கதிரை போட்டு, தலையில் துணி கட்டாமல் இருக்க ஆசைப்பட்டார். நோயைப் பற்றி எங்கள் வீதியில் யாருக்கும் சொல்லவில்லை. ஆகவே வேலி எனக்கு அவசர வேலையானது. நான் எஞ்சினியரிங் படித்தவன். அன்றிரவே எக்செலில் ஓர் அட்டவணை போட்டேன். பலகை வகை, உயரம், விலை, எத்தனை வருடம் தாங்கும். 6 அடி உயரம், இடைவெளியே இல்லாத பலகை என்று முடிவு வந்தது. அம்மாவிடம் காட்டினேன்.

அம்மா ஒரு கேள்விதான் கேட்டார். "அந்த மனிசியிட்டக் கேட்டனியோ?"

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. எங்கள் காசு, எங்கள் வேலி என்று நினைத்தேன். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இந்த நாட்டில் இரண்டு வீட்டுக்கு நடுவில் நிற்கும் மறைப்பின் வரலாற்றைத் தேடி வாசித்தேன். உங்களில் நிறையப் பேர் செமி-டிட்டாச்ட் வீட்டில்தான் வளர்ந்திருப்பீர்கள். ஒரு சுவரைப் பங்குபோட்டு ஒட்டி நிற்கும் இரண்டு வீடுகளில் ஒன்று. அதனால் இது உங்கள் வேலியின் கதையும்தான்.

ஆளுக்கு ஒன்றரை அடி

எண்ணூறு வருடத்துக்கு முந்திய லண்டனில் வீடுகள் பெரும்பாலும் மரத்தாலும் கூரை வைக்கோலாலும் ஆனவை. ஒரு வீடு பற்றினால் தெருவே எரியும். 12ஆம் நூற்றாண்டின் முடிவிலும் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நகரம் கட்டட விதிகளை வகுத்தது. அதில் எனக்குப் பிடித்த விதி இது. அயலவர் இருவர் தங்களுக்கு நடுவில் கற்சுவர் எழுப்ப விரும்பினால், ஆளுக்கு ஒன்றரை அடி நிலம் விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த 3 அடி அகலத்தில், இருவர் செலவிலும், 16 அடி உயரச் சுவர் எழும்பும். ஒருவரிடம் காசு இல்லையென்றால் அவர் 3 அடி நிலத்தைக் கொடுக்கலாம். மற்றவர் தன் செலவில் கட்டுவார். ஆனால் நிலம் கொடுத்தவருக்கும் சுவரில் பாதி சொந்தம்.

பிரிக்கிற சுவர்தான். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து விட்டுக்கொடுத்தால்தான் அது எழும்பும்.

மறைப்புப் பிரச்சினையும் அப்போதே இருந்தது. 14ஆம் நூற்றாண்டு லண்டன் வழக்குப் பதிவுகளில், "பக்கத்து வீட்டு ஜன்னலில் இருந்து என் தோட்டத்தைப் பார்க்கிறார்கள்" என்ற வகை முறைப்பாடுகள் நிறைய உண்டு. மேயரும் அதிகாரிகளும் நேரில் வந்து பார்த்து, ஜன்னலை அடைக்கும்படி உத்தரவிட்டிருக்கிறார்கள்.

இன்றைக்கும் வழக்குகள் முடியவில்லை. லண்டனில் தேம்ஸ் நதிக் கரையில் டேட் மொடர்ன் கலைக்கூடத்தின் 10ஆம் மாடியில் ஒரு பார்வைத் தளம் இருந்தது. அங்கே வந்தவர்கள் எதிரே இருந்த கண்ணாடி வீடுகளுக்குள் எட்டிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் கைவிரித்தது. 2023 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வீட்டுக்காரர்களுக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னது. ஆனால் இதை வைத்து நீங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மீது வழக்குப் போட முடியாது. சாதாரண அயலவர் தன் ஜன்னலில் நின்று உங்கள் வளவைப் பார்ப்பது சட்டப்படி தொல்லை ஆகாது. அதற்கு வேலிதான் வழி.

பாதி வீடு வந்த கதை

லண்டன் நகரத்துக்குள் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்றன. வசதி கூடியவர்கள் தனி வீட்டில் இருந்தார்கள். நடுவில் ஒரு வழியாக வந்ததுதான் செமி. லண்டன் செயின்ட் ஜோன்ஸ் வூட் பகுதிக்கு 1794இல் போட்ட ஒரு திட்டப் படத்தில் சோடி சோடியாக வீடுகள் வரையப்பட்டிருக்கின்றன. 1820களில் ஜோன் லவுடன் என்ற தோட்டக்கலை எழுத்தாளர் பேஸ்வாட்டரில் ஒரு சோடி வீடு கட்டினார். வெளியில் இருந்து பார்த்தால் ஒரே பெரிய மாளிகை. உள்ளே இரண்டு குடித்தனம். பாதி வீடு என்று தெரியக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

சாதாரண மக்களுக்கு அந்த வீடு கிடைத்தது முதலாம் உலகப் போருக்குப் பிறகுதான். 1918இல் டியூடர் வோல்டர்ஸ் குழு ஓர் அறிக்கை தந்தது. அதன் பின்னால் நின்ற முக்கிய மூளை ரேமண்ட் அன்வின் என்ற நகரத் திட்டமிடலாளர். நகரங்களில் ஓர் ஏக்கருக்கு 12 வீடுகளுக்கு மேல் வேண்டாம் என்றது அறிக்கை. எதிரெதிர் வீட்டு வரிசைகளுக்கு நடுவில் 70 அடி இருக்க வேண்டும் என்றும் சொன்னது. ஏன் 70 அடி? மாரி காலத்தில் சூரியன் தாழ்ந்து நிற்கும்போதும் வீட்டுக்குள் வெயில் விழ வேண்டும் என்பதற்காக. பிற்காலத்தில் கவுன்சில்கள் அதே தூரத்தை, 21 மீற்றர் என்று, மறைப்புக்கான அளவாக வைத்துக்கொண்டன. வெயிலுக்காகப் பிறந்த எண் அது. இதை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

1919க்கும் 1939க்கும் இடையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 40 இலட்சம் வீடுகள் எழும்பின. ஹரோ, வெம்பிளி, ரேனர்ஸ் லேன் என்று இன்று எங்கள் ஆட்கள் கூடுதலாக இருக்கிற இடங்கள் எல்லாம் அப்போது வயலாக இருந்து வீதியானவை. மெட்ரோபொலிட்டன் ரயில் நிறுவனம் 1915இலேயே அந்தப் பக்கத்துக்கு 'மெட்ரோலாண்ட்' என்று பெயர் வைத்து விளம்பரம் செய்தது. எங்கள் வீடும் 1930களில் கட்டியதுதான்.

அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தால் பின்வளவுகளுக்கு நடுவில் பெரிய மறைப்பு இல்லை. இடுப்பளவுக் கம்பி வேலி, பிளந்த மரக்குச்சி வேலி, அல்லது பிரிவெட் செடி. ஹம்ஸ்டட் தோட்டப் புறநகரை 1907இல் தொடங்கிய ஹென்றியெட்டா பார்னெட், வளவுகளைச் சுவரால் பிரிக்கக்கூடாது, செடிவேலியால்தான் பிரிக்க வேண்டும் என்பதை ஒரு கொள்கையாகவே வைத்தார். எல்லா வகுப்பு மக்களும் பக்கத்தில் பக்கத்தில் வாழ வேண்டும் என்பது அவருடைய கனவு.

கண் மட்டத்தை மறைக்கும் 6 அடிப் பலகைகள் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. சிலர் பலகையும் போதாது என்று லேலண்டி மரம் நட்டார்கள். 1888இல் வேல்ஸில் தற்செயலாகக் கலந்து பிறந்த இந்தக் கலப்பு மரம் ஒரு வருடத்தில் ஒரு மீற்றர் வரைக்கும் வளரும். பக்கத்து வீடு இருட்டானது. சண்டை பெருகி, கடைசியில் பாராளுமன்றம் 2003இல் ஒரு சட்டத்துக்குள் உயரமான செடிவேலிகளுக்கென்று தனிப் பகுதியே சேர்த்தது. இன்று இங்கிலாந்தில் பின்வளவு வேலிக்கு 2 மீற்றர் வரை அனுமதி கேட்கத் தேவையில்லை. வாகனம் போகும் வீதியோரம் என்றால் 1 மீற்றர்.

ஒரு சுவரின் கதை

சட்டம் எவ்வளவு உயரம் என்று சொல்லும். யாரைக் கேட்டுக் கட்டினீர்கள் என்று கேட்காது. அது எவ்வளவு பெரிய இடைவெளி என்று ஒக்ஸ்ஃபோர்டில் உள்ள கட்டஸ்லோவின் கதை காட்டுகிறது.

அங்கே மாநகரசபை கட்டிய வாடகை வீடுகளும், ஒரு தனியார் நிறுவனம் விற்பனைக்குக் கட்டிய வீடுகளும் ஒரே வீதித் தொடரில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பெரும்பாலும் ஒரே மாதிரியான செமி வீடுகள். சேரிகளில் இருந்து வந்தவர்களை மாநகரசபை குடியேற்றுகிறது, எங்கள் வீடுகளின் விலை விழும் என்று நிறுவனம் குறைப்பட்டது. 1934 டிசம்பரில் வீதிக்குக் குறுக்கே இரண்டு இடத்தில் சுவர் எழுப்பியது. 2 மீற்றருக்கு மேல் உயரம். மேலே சுழலும் இரும்பு முட்கள். அந்தப் பக்கத்துத் தாய்மார் தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, கண்ணுக்கு முன்னால் தெரிகிற பிரதான வீதிக்குச் சுற்றிப் போனார்கள்.

1935இல் சுவரை உடைக்க மக்கள் கூடினார்கள். பொலிஸ் தடுத்தது. 1938இல் மாநகரசபையே இடித்தது. நிறுவனம் திரும்பக் கட்டியது. நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. நிலம் அவர்களுடையது, சுவரும் அவர்களுடையது. போர்க்காலத்தில் பயிற்சிக்கு வந்த ஓர் இராணுவ டாங்கி தவறுதலாக அதில் மோதி உடைத்தது. அப்போதும் திருப்பிக் கட்டினார்கள். கடைசியில் மாநகரசபை அந்தத் துண்டு நிலத்தை 1,000 பவுணுக்கு வாங்கி, 1959 மார்ச்சில் சுவரை அகற்றியது. கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு.

இதை வாசித்துவிட்டு, வெள்ளைக்காரரின் வகுப்புவெறி என்று சொல்லிவிட்டுப் போக எங்களால் முடியாது. மதுரை மாவட்டத்தில் உத்தப்புரம் என்ற ஊரில் தலித் மக்களின் குடியிருப்பைப் பிரித்து 1989இல் ஒரு சுவர் எழும்பியது. 2008 மே 6ஆம் திகதி அரசு நிர்வாகம் அதன் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தது. யாழ்ப்பாணத்திலும் எந்த வேலிக்குள் யார் வரலாம், எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் அள்ளலாம் என்பதைச் சாதி தீர்மானித்த காலம் இருந்தது. வேலி எங்கள் பண்பாடு என்று பெருமைப்படும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் பின்வளவில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் அட்டவணையைத் திரும்பிப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. அதில் பலகை இருந்தது, விலை இருந்தது. அடுத்த பக்கத்தில் இருக்கிற ஆள் இல்லை.

நிழல் கணக்கு

அம்மா வடமராட்சிக்காரி. அவர் வளர்ந்த வீட்டைச் சுற்றிப் பூவரசங் கதியால் நட்டு, தென்னோலையில் பின்னிய கிடுகு கட்டிய வேலி. ஆள் உயரத்துக்கு மேல். வளவுக்குள்ளே கிணறு. கிணற்றடியில் பெண்கள் குளிக்க வேண்டும், அதனால் மறைப்பு கட்டாயம். 6 அடி வேலி என்றதும் எனக்கு ஏன் உடனே சரியாகத் தோன்றியது என்று யோசித்தேன். அம்மாவின் கதைகளில் வந்த வேலி அது.

ஆனால் யாழ்ப்பாணத்தில் சரியாக இருந்த உயரம் லண்டனிலும் சரியாக இருக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். உயர்தர வகுப்புக் கணிதம் போதும்.

டிசம்பர் 21, நண்பகல். யாழ்ப்பாணத்தில் சூரியன் அடிவானத்தில் இருந்து சுமார் 57 பாகை உயரத்தில் நிற்கும். 1.8 மீற்றர் வேலியின் நிழல் 1.2 மீற்றர் கூட வராது. ஒரு பெரிய எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். அந்தக் கொதிவெயிலில் அந்த நிழல் ஒரு வரம். அதே நாள், அதே நேரம், லண்டனில் சூரியன் 15 பாகையில்தான் நிற்கும். அதே வேலியின் நிழல் 6.7 மீற்றர்.

எங்கள் பின்வளவு மேற்கு நோக்கி நீள்கிறது. பக்கத்து வீடு எங்களுக்கு வடக்கே. அப்படியென்றால் நான் தெரிவு செய்த வேலி மாரி முழுக்க அந்த மூதாட்டியின் கல்தளத்தையும் சமையலறை ஜன்னலையும் நிழலுக்குள் தள்ளும். எங்களுக்கு ஒரு துளி வெயிலும் குறையாது. 1918இல் 70 அடி என்று எழுதியவர்கள் எதைப் பாதுகாக்கப் பார்த்தார்களோ, அதை நான் ஒரு அட்டவணையால் எடுக்கப் பார்த்தேன்.

கேட்டபோது

சனிக்கிழமை அம்மாவும் நானும் போய்க் கதவைத் தட்டினோம். முதலில் வேலி யாருடையது என்று பார்த்தோம். வீட்டுக்கு இடது பக்க வேலி எங்களுடையது என்று பலர் சொல்வார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. வீட்டு உறுதிப் படத்தில் எல்லைக் கோட்டில் 'T' என்ற ஆங்கில எழுத்து போல ஓர் அடையாளம் இருந்தால், அது எந்தப் பக்கம் இருக்கிறதோ அவர் பொறுப்பு. இரண்டு பக்கமும் இருந்தால் இருவரும் பொறுப்பு. எங்கள் படத்தில் அடையாளமே இல்லை. அப்போது பேசித்தான் ஆக வேண்டும்.

நான் நிழல் கணக்கைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "மதியம் பன்னிரண்டு மணிக்கு அந்த ஜன்னலடியில்தான் நான் சாப்பிடுவேன்" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "உங்களுக்கு மறைப்பு வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒக்டோபரில் இருந்தே தெரியும். என் தங்கைக்கும் இதே வருத்தம் இருந்தது. நீங்களாகச் சொல்லாமல் நான் கேட்கக்கூடாது என்று இருந்தேன்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தலையில் கட்டியிருந்த துணியைக் கழற்றி மடியில் வைத்தார்.

நாங்கள் மறைக்க நினைத்தது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அதை வேலி மறைக்கவில்லை. அவர்தான் மறைத்துக் காத்திருந்தார்.

அதன் பிறகு அரை மணி நேரத்தில் வேலி முடிவானது. உங்கள் வீட்டில் இதே வேலை வந்தால் உதவும் என்று விபரமாகச் சொல்கிறேன்.

மறைப்பு எங்கே தேவை என்று பாருங்கள். வளவு முழுக்கத் தேவையில்லை. கதிரை போடும் இடத்தில்தான் தேவை. கதிரையில் இருப்பவரின் தலை உச்சி தரையில் இருந்து சுமார் 1.25 மீற்றர். அதை மறைக்க 6 அடி வேண்டாம், 5 அடி போதும். கதிரையை வேலிக்குக் கிட்டப் போட்டால் இன்னும் நல்லது. மேல்மாடி ஜன்னலில் இருந்து பார்ப்பதை எந்த வேலியும் தடுக்காது. அதற்கு ஒரு குடையோ கொடிப்பந்தலோதான் வேண்டும்.

ஆகவே வீட்டோடு ஒட்டிய முதல் இரண்டு பலகை 5 அடி. அதற்கு மேல் வெயில் புகும்படி 1 அடிக்குக் குறுக்குச் சட்டம். மிச்சம் எல்லாம் 4 அடி. நின்றுகொண்டு பேசலாம்.

காற்றையும் யோசியுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பலகையை அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். இடைவெளியே இல்லாத பலகை பாய்மரம் மாதிரி. அதனால் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சட்டம் அடித்த வேலி எடுத்தோம். நேரே பார்த்தால் மறைக்கும், காற்று ஊடாகப் போகும். இன்னொரு நல்லது, அதற்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. இரண்டு வீட்டுக்கும் ஒரே அழகு. மரத்தூணுக்குப் பதில் கொங்கிரீட் தூண். செலவு பாதி பாதி.

கடைசியாக ஒன்று அவர் கேட்டார். அடிப்பலகையில் 13 சென்ரிமீற்றர் சதுரத்துக்கு ஓர் ஓட்டை. இங்கிலாந்தில் முள்ளெலிகள் குறைந்துவிட்டன. இரவில் இரை தேடி வளவுக்கு வளவு நடக்கும் அவற்றுக்கு வேலிகள் தடை. ஓர் ஓட்டை விடுங்கள் என்று விலங்கு நல அமைப்புகள் கேட்கின்றன. அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"ஓ, பொட்டு!" என்றார் அம்மா.

யாழ்ப்பாணத்தில் எவ்வளவு உயரமாக வேலி அடைத்தாலும் அயல் வீட்டுக்குப் போய்வர ஓர் இடைவெளி விடுவார்கள். அதுக்குப் பெயர் பொட்டு. உப்பு வாங்க, புதினம் சொல்ல, சுகமில்லாத ஆளைப் பார்க்க வீதிக்குப் போய்ச் சுற்றி வரத் தேவையில்லை. இரண்டு வீட்டுக்கும் கோபம் வந்தால் முதலில் அடைபடுவதும் பொட்டுத்தான்.

அம்மாவின் தலைமுடி இப்போது தோள் வரைக்கும் வளர்ந்துவிட்டது. முள்ளெலி இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை மட்டும் நெருக்கிக்கொண்டு வந்து போகிறது.

உங்கள் வீட்டு வேலியும் ஒரு நாள் விழும். அப்போது அளவு நாடாவை எடுக்க முதல் அந்தப் பக்கம் போய்க் கதவைத் தட்டுங்கள்.